ஆரணியில் பியானோப் பயிற்சி

ஆரணி என்ற மாத்திரத்தில் யாவர்க்கும் பட்டுச் சேலையே நினைவிற்கு வரும். ஊருக்குள்ளும், சேவூர், முனுகப்பட்டு, தேவிகாபுரம் முதலிய சுற்றூர்களிலும் தறியோசை கேட்டுப் பழகாத செவிகள் அரியன. இத்தகைய ஊரில் பியானோ கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டுள்ளோம் என்று நாம் கூறுங்கால், கேட்போர் புன்முறுவல் பூப்பதுண்டு. நம்மிடம் உள்ளது பழைய பியானோ ஒன்றே. அதன் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகளும் ஐப்பசி மழையில் ஒருவாறும் சித்திரை வெயிலில் வேறொருவாறும் சுருதி மாறும். திருத்துவோர் சென்னையிலிருந்து வருதல் வேண்டும். மாணாக்கரிற் பெரும்பாலார் இல்லத்தில் பியானோ இல்லை. 61 கட்டைகளே உடைய கீபோர்டில்தான் அப்பியாசம் செய்கின்றனர். பியானோவிலோ கட்டைகள் 88. இக்குறைகளைப் பற்றி எழுதப் புகின் இம்மலரின் பக்கங்கள் போதா. அவை நிற்க.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது வேறொன்று. பியானோ பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு எவ்வகை உருப்படிகளை, எத்துணை உருப்படிகளைக் கற்பித்தல் தகும் என்பதே அது. இதுபற்றி நமக்கும் பெற்றோர்க்கும் இடையே நாடோறும் ஒரு வழக்கு நிகழ்கின்றது.

பெற்றோர் விரும்புவது தேர்வு. 1872-இல் இலண்டனில் தோன்றிய டிரினிட்டி கல்லூரி 1877 முதல் நடத்திவரும் தேர்வுகளும், 1889-இல் அந்நாட்டிலேயே ஏற்பட்ட அசோசியேட்டட் போர்டு என்னும் சபையின் தேர்வுகளும் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியவை. அவற்றின் பாடத்திட்டங்கள் அறிவுடையோர் வகுத்தவை. அவற்றை நாம் இகழ்வோமல்லோம். ஆயினும் ஒரு கணக்கைப் பாருங்கள். படிகள் எட்டு. ஒரு படிக்கு வாசித்துக் காட்டவேண்டிய உருப்படிகள் பெரும்பாலும் மூன்று. ஆண்டுக்கு ஒரு படியாக ஏறும் பிள்ளை, தேர்வுக்கு வேண்டியதை மட்டுமே கற்பின், எட்டாண்டின் முடிவில் அறிந்திருப்பவை 24 உருப்படிகள். எட்டாண்டு தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் 24 செய்யுட்களைத் தடையின்றி ஒப்பித்து, இருபத்தைந்தாவதை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் மாட்டாதவனாயின், அவனைக் கற்றவன் என்போமா?

இது வெறுங் கற்பனையன்று. சென்ற ஆண்டு, நெசவாளர் ஒருவர் தம் மகளை நம்மிடம் அழைத்து வந்தார். அவளுக்கு வயது பதினான்கு இருக்கும். வேறோர் ஊரிற் பயின்று, ஐந்தாம் படியில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற சான்றிதழைக் கொண்டுவந்திருந்தாள். தேர்வுக்குரிய மூன்று உருப்படிகளையும் வாசிக்கச் சொன்னோம். விரல்கள் தூய்மையாக ஓடின. பிழை ஒன்றேனும் இல்லை. பின்னர் முதற் படிக்குரிய எளிய பக்கம் ஒன்றை அவள்முன் விரித்தோம். கைகள் மடியிலேயே இருந்தன. "சார், ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்; பார்த்துப் பிடித்துக்கொள்கிறேன்" என்றாள். தறிக்கூலியிலிருந்து தேர்வுக் கட்டணம் கட்டியவர் அத்தந்தையார். அவர் முகம் வாடியதைக் கண்டு நாமும் சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

அவர்க்கு விளக்க நாம் தேடிய உவமை அவர் வீட்டிலேயே இருந்தது. கரையிலும் முந்தியிலும் பூவும் மயிலும் அமைப்பதற்குத் தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டியைப் பொருத்துவர். பிரான்சு தேசத்து லியோன் நகரத்தவராகிய ஜக்கார்டு என்பார் 1804-இல் அமைத்த கருவி அது. துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுத் தொங்கும். நெசவாளர் மிதிக்குந்தோறும் ஓரட்டை திரும்பும். துளையுள்ள இடத்திற்குரிய இழைகள் மேலெழும். அவ்விடைவெளியில் நாடா ஓடும். பூவை நினைவில் வைத்திருப்பது அட்டையேயன்றிக் கையன்று. துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே வாசிக்கும் பியானோக்களும் ஒருகாலத்தில் மேனாடுகளில் மிகுந்திருந்தன என்பது நினைக்கத்தக்கது. பிறர் வாசிக்கக் கண்டு ஓருருப்படியையே ஓராண்டு உருவேற்றும் பிள்ளை, அட்டை பூட்டிய தறியை ஒக்கும்.

இவ்வளவும் நாம் கூறி முடிக்கும்வரை பொறுத்திருந்த தந்தையார், "அப்படியானால் என் மகளிடம் மூன்று அட்டைதான் இருக்கிறது என்கிறீர்கள்" என்றார். நாம் நெடுநேரம் சொன்னதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இதனால் நெசவாளரின் கைத்திறத்தை நாம் குறைத்துக் கூறினோமென்று எவரும் கொள்ளற்க. அறுந்த இழையைக் கண்டு முடிவதும், பழம்பாவின் இழையோடு புதுப்பாவின் இழையைப் பிணைப்பதும், அச்சை என்றும் ஒரே அளவாய் அடிப்பதும் எவ்வட்டையும் அறியாதவை. தறிக்குழியில் காலும் மேலே கையும் வெவ்வேறு தொழில் செய்வதைப் பிறந்தது முதல் கண்டுவளர்ந்த பிள்ளைகள், இடக்கையும் வலக்கையும் பிரிந்து நடக்கவேண்டிய இடத்திற் பிறரைக் காட்டிலும் குறைவாகவே இடறுகின்றனர் என்பது நம் அனுபவம்.

தந்தையார்க்கு ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. "சான்றிதழ் இருந்தால் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் வேலை கிடைக்குமே, சார். தறியை நம்பி அவளை விட எனக்கு மனமில்லை" என்றார். நியாயமான சொல்லே. ஆயின் அவ்வேலை கிடைத்தபின், காலைக் கூட்டத்திற்கு அரைமணி முன்னர்த் தலைமையாசிரியர் புதிய பாட்டொன்றை நீட்டினால் அவள் என் செய்வாள் என்று கேட்டோம். ஓராண்டு தேர்வின்றிப் பயிற்றுவிக்க இசைந்தார். இவ்வாறு இசையாது பிள்ளைகளை வேறிடம் சேர்த்த பெற்றோரும் உளர். அவர்களை நாம் நோவதில்லை.

அவ்வோராண்டிற் கற்பித்தது யாது? வாரத்திற்கு இரண்டு புதிய உருப்படிகள். அவள் தேர்ந்த படிக்கு மிகத் தாழ்ந்தவை. முன்னதாக நாம் வாசித்துக் காட்டுவதில்லை. கைகளை மடியில் வைத்து, பக்கத்தைக் கண்ணாற் படித்தல். தாளத்தைத் தட்டிப் பார்த்தல். பிறகு மெல்ல, பிழை நேரினும் திரும்பாமல், இறுதிவரை செல்லல். மறுவாரம் அவ்வுருப்படியை விட்டுவிடுவோம். ஒன்றை மாத்திரம் மாதக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவோம். விரைவில் விடுத்தல் அப்பெண்ணுக்குப் பெரிதும் வருத்தமாயிருந்தது. "இன்னும் சரியாக வரவில்லையே, சார்" என்று ஒவ்வொரு வாரமும் பக்கத்தைத் திருப்ப மனமின்றி நிற்பாள்.

ஏடுகளுக்குக் குறைவில்லை. சென்னையில் 1842-இல் மிஸ்க்வித் என்பாரின் கடையாகத் தோன்றிய மியூசி மியூசிக்கல் நிலையத்தில் பல கிடைக்கும். பாஹ் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்கென 1725-இல் தொடங்கிய குறிப்பேட்டிற் சிறு நடனங்கள் பல உள்ளன. அவற்றுள் எல்லாரும் அறிந்த ஒரு மினுவெட்டு பாஹ் இயற்றியதன்று, டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் வாசிப்பாளர் பெட்ஸோல்டு என்பாருடையது என்று 1970-களில் தெளிவாயிற்று. ஆசிரியன் பெயர் மாறியும் அதன் இனிமை ஒருசிறிதும் குறையவில்லை. ஷூமன் 1848-இல் தம் பெண்மக்களுக்காக எழுதத் தொடங்கி முடித்த தொகுதியில் 43 உருப்படிகள் உண்டு. முற்பகுதி எளிது, பிற்பகுதி பிள்ளைகளுக்குக் கடினமே.

நாம் மிகவும் போற்றுவது ஹங்கேரி நாட்டுப் பார்டாக் இயற்றிய மிக்ரோகாஸ்மாஸ் என்னும் நூலை. 1926 முதல் 1939 வரை எழுதிய 153 உருப்படிகள் ஆறு புத்தகங்களாக 1940-இல் வெளிவந்தன. தொடக்கத்தில் இரு கைகளும் ஒரே ராகத்தை ஒரே நேரத்தில் வாசிக்கும். ஐந்து விரலும் ஐந்து கட்டையை விட்டு நகர்வதில்லை. அடுத்து ஒரு கை முன்செல்ல மறுகை பின்தொடரும். படிப்படியாகத் தாளம் சிக்கலாகும். செவிக்கு இனியது அதுவென்று எல்லாரும் ஒப்புக்கொள்ளார். முதல் மாதத்தில் அப்பெண் அதனை வெறுத்தாள். ஆயின் அடுத்து வரும் ஸ்வரம் இன்னதென்று செவியால் ஊகிக்க அவ்வுருப்படிகள் எளிதில் இடந்தருவதில்லை. கண் பக்கத்தை விட்டு அகலாதிருத்தல் வேண்டும். நாம் விரும்பிய மருந்து அதுவே.

நம் நாட்டு இசையைப் பியானோவிற் கற்பிக்கலாகாதா என்று வினவுவோர் பலர். கமகமே தடை. பியானோவின் ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. தோடியை அதில் வாசித்தால் எலும்புக்கூடே மிஞ்சும். ஆயினும் ஒரு வாயில் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) மேனாட்டு மெட்டுக்களுக்கு வடமொழியில் இயற்றிய நோட்டுஸ்வர சாகித்தியங்கள் கமகமின்றி நேர் ஸ்வரங்களால் ஆனவை. ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டில் அமைந்ததும் அவற்றுள் ஒன்று. இடக்கையில் ஷட்ஜ பஞ்சமத்தை நிறுத்தி வலக்கையில் இவற்றை வாசிக்கச் செய்தால், பேரன் என்ன கற்கிறான் என்று எட்டிப்பார்க்கும் பாட்டியாரும் அமர்ந்து கேட்கின்றனர். நம் கீதங்களை மேனாட்டு ஸ்வரக்குறியில் எழுதி அச்சிடச் சென்னைச் சின்னசாமி முதலியார் 1890-களிற் பெரிதும் உழைத்தார். பயிற்றுவோர் அவ்வுழைப்பை நாடுதல் நன்று.

இவையெல்லாவற்றினும் மேலான படிப்பேடு பலர் வீட்டில் வாளாவிருக்கின்றது. ஆலயத்தில் நான்கு குரலாற் பாடும் ஞானப்பாட்டுக்களின் இராகப் புத்தகமே அது. ஒரே நேரத்தில் நான்கு ஸ்வரம், நான்கும் வெவ்வேறு வழிச் செல்வன, ஒவ்வொன்றும் அரைப்பக்க அளவே. நாளுக்கொன்றாக வாசிப்பவன் ஆண்டிறுதியில் எந்தப் பக்கத்தைக் கண்டும் அஞ்சான். சினிமாப் பாட்டு வேண்டும் என்பார்க்கும் நாம் மறுப்புச் சொல்வதில்லை. எழுதிய ஸ்வரத்தைப் பார்த்து வாசித்தல் வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரினின்று சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை முறையைக் கற்ற இளையராஜாவின் பாட்டுக்களைப் பியானோவில் வாசிக்க விரும்பாத பிள்ளை நம்மிடம் இதுவரை வந்ததில்லை.

அப்பெண் ஓராண்டில் ஏறத்தாழத் தொண்ணூறு உருப்படிகளைக் கடந்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதியைப் பென்சிலாற் குறித்திருக்கிறாள். வாசிப்பு இன்னும் மெதுவே. இடக்கையின் கீழ்க்கோட்டு ஸ்வரங்களில் தயங்குகிறாள். ஆனால் "வாசித்துக் காட்டுங்கள்" என்னும் சொல் நின்றுவிட்டது. ஆறாம் படித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் இப்போது வந்துள்ளது. எழுதுவதா வேண்டாவா என்பதைத் தந்தையார் நம்மிடம் விட்டுவிட்டார். நாம் விண்ணப்பத்தாளை அவளிடமே கொடுத்திருக்கிறோம். சென்ற சனிக்கிழமை வரை அவள் அதனைத் திருப்பித் தரவில்லை. மிக்ரோகாஸ்மாஸின் மூன்றாம் புத்தகம் எப்போது வரும் என்று மாத்திரம் கேட்டுச் சென்றாள்.