ஆயா கேட்ட டீ: ஒரு சிரிப்புப் படக்கதை உருவான விதம்

எங்களை வைத்து இந்த நாடு நிறையச் சிரித்திருக்கிறது. நாங்கள் சிரிப்பதுதான் யாருக்கும் தெரியாது.

2012 மே மாதம். சிதம்பரத்தில் எம்.ஏ. தமிழ் முடிக்கும் தறுவாயில் இருந்தேன். அப்போது சிதம்பரம் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்த தொல். திருமாவளவன், பதினோராம் வகுப்புப் பாடநூலில் வந்த ஒரு கேலிச்சித்திரத்தை நாடாளுமன்றத்தில் பிரச்சினையாக்கினார். 1949இல் சங்கர் வரைந்த படம் அது. அரசியல் சட்டம் என்கிற நத்தைமேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்குகிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. "கார்ட்டூன்தானே, சிரிச்சிட்டுப் போவியா, ஒங்களுக்கு நகைச்சுவையே வராதா?" என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். பிறகு 2019இல், 1932 முதல் 1956 வரை அம்பேத்கரைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த கேலிச்சித்திரங்களை உன்னமதி சியாம சுந்தர் தொகுத்து நூலாக்கினார். பல படங்களில் அவர் சின்ன உருவமாகக் குறுக்கப்பட்டிருக்கிறார். நகைச்சுவை வருமா வராதா என்பதல்ல கேள்வி. பேனா யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

அதே ஆண்டு நாங்களும் பேனாவை எடுத்தோம். சேரிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அவர்களுக்காக நான் கதை எழுத, கடலூர் முதுநகர் நண்பர் ஒருவர் படம் போட்டார். போர்டு எழுதிப் பிழைத்தவர். பிளெக்ஸ் வந்ததும் தூரிகையை வைத்துவிட்டுப் பெயிண்டடிக்கப் போனவர். 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியில் தொடங்கின. அவற்றின் பழைய இதழ்களை நடைபாதைக் கடையில் வாங்கி, பார்த்துப் பார்த்துக் கற்ற கை அவருடையது. டெக்சாஸ் பாலைவனத்தையே தமிழில் பார்த்துவிட்டோம். எங்கள் தெருவை மட்டும் படக்கதையில் பார்த்ததில்லை.

"தோழர், நம்ம ஆளுன்னு எப்படிக் காட்டுறது? கறுப்பாப் பூசிடவா?" என்றார் முதல் நாள்.

"அவங்க மட்டும் என்னா வெள்ளக்காரனா?"

முகங்களை எல்லாம் வெள்ளைத்தாளாகவே விட்டோம். செருப்பு காலில் இருக்கிறதா கையில் இருக்கிறதா, துண்டு தோளிலா இடுப்பிலா, பெஞ்சில் யார், தரையில் யார், அதை மட்டும் வரைந்தார். சாதி முகத்தில் இல்லை. இரண்டு பேருக்கு நடுவே விடுகிற இடத்தில் இருக்கிறது.

பேச்சுக்குப் போடும் பலூனில் எட்டு வார்த்தைக்குமேல் போனால் ஆள் நிற்க இடமிருக்காது. அதனால் அடுக்கு மொழியெல்லாம் போய், பேச்சை ஆயாவிடம் விட்டேன். எங்கள் கதைநாயகி அவள்தான். பேர் கிடையாது. எல்லாருக்கும் ஆயா.

2011இல் துர்காபாய் வ்யாமும் சுபாஷ் வ்யாமும் வரைந்து வந்த பீமாயணத்தில், விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு வைத்த பலூன். நல்ல பேச்சுக்குப் பறவை போன்ற பலூன். அதைப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஆறாவது படிக்கிற பெண் கேட்டாள்: "பாசமாப் பேசிக்கினே தள்ளி நிக்க வெக்கிறாங்களே, அதுக்கு எதப் போடறது?" அந்தக் கேள்விதான் எங்கள் மூன்றாவது புத்தகம்.

2019 சனவரியில் தமிழக அரசு பிளாஸ்டிக் கப்பைத் தடை செய்தது. அதுவரை அந்தக் கப்புக்குள் ஒளிந்திருந்த இரட்டைக் குவளை, பக்கத்து ஊர்க் கடையொன்றில் வெளியே வந்தது. ஊராருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்கு எவர்சில்வர். அதை அப்படியே எழுதினேன். கடைக்காரர் சிரித்தபடி, "ஒனக்குன்னே தனியா எவர்சில்வர் வச்சிருக்கேன் ஆயா. கண்ணாடி ஒடஞ்சிடும்ல" என்கிறார். ஆயா பதறுகிறாள்: "அய்யய்யோ, அய்யா கையக் கிழிச்சிடுமே! அவருக்கும் எவர்சில்வர்லயே குடுப்பா!"

சிதம்பரம் மேல வீதியில் நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, பி.முட்லூர், புதுச்சத்திரம் வழியாகப் பேருந்தில் கொண்டு வந்தோம். இயக்கத்தில் மூத்த தோழர் ஒருவர், "ஜனம் செத்துக்கினு கெடக்கு, ஒனக்குச் சிரிப்புப் புத்தகமா?" என்றார். சாவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே ஒரு வார்த்தை போட்டு எல்லாரையும் சிரிக்க வைக்கிற கிழவிகள் நம் தெருவில்தானே இருக்கிறார்கள். அழுகை நிற்பதில்லை. மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

பத்து வயசுப் பையன் ஒருவன் அந்தக் கடையிலேயே போய் ஆயாவின் வசனத்தைச் சொல்லிவிட்டான். பெஞ்சிலிருந்தவர் எழுந்து அறைந்தார். காவல் நிலையத்தில், "பேசி முடிச்சிக்குங்க" என்றார்கள். அவன் அம்மா புத்தகத்தோடு வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், "எம்புள்ள பொய்யா சொன்னான்? எளுதியிருக்கறதத்தான சொன்னான்" என்று நிலையத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். எழுதியவன் என்கிற முறையில் அன்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரத்தில் கடையில் கிளாசும் இல்லை, எவர்சில்வரும் இல்லை. அரசு தடை செய்த கப்பையே எங்கிருந்தோ வாங்கி வந்து எல்லாருக்கும் ஊற்றினார். தன் சாதிக்காரனைக் கண்ணாடியிலிருந்து இறக்கினாலும் இறக்குவார், நம்மைக் கண்ணாடிக்கு ஏற்ற மாட்டார்.

இதை எழுதினால் சிரிப்பு வருமா என்று நண்பர் யோசித்தார். பிள்ளைகளிடம் கேட்டோம். அறை வாங்கிய பையன்தான் முதலில் சிரித்தான். நான்காவது புத்தகத்தை அவனே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.