அத்துவிட்டதற்கு அத்தாட்சி

சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1992இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அதில் சேர்வதற்கான வழிகளில் ஒன்று, மத்திய பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. மூன்று வகைப் பெண்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். திருமணமாகாதவர்; குழந்தையில்லாத, மறுமணம் செய்யாத கைம்பெண்; குழந்தையில்லாத, மணமுறிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் பெண். கொல்லிமலையிலிருந்து வழக்கறிஞரான என்னைத் தேடி வந்த பெண் மூன்றாவது வகை. ஆனால் அவள் கையில் ஆவணம் இல்லை.

மலையாளி பழங்குடியைச் சேர்ந்தவள். பிளஸ் டூ முடித்து, பதினெட்டு நிரம்பிய கையோடு மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். ஓராண்டுகூட ஒட்டவில்லை. அவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். ஊர் கூடியது, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்திருந்த பரியப் பணம் திரும்பியது, அத்துவிட்டாயிற்று; ஊர் வழக்கில் அதுதான் மணமுறிவு. அதன் பிறகுதான் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். என்.சி.சி.யில் இருந்தபோது பரங்கிமலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள்.

என்னிடம் வந்தபோது கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். செம்மேட்டிலிருந்து முதல் பஸ்சில் கிளம்பி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, நான் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் அப்பாவோடு நின்றாள். பேசத் தொடங்குமுன் ஒரு நோட்டை விரித்தாள். ஒரு பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் தேர்வு வரும் மாதங்கள், நடுவில் அந்த மாதத்தில் அவளுக்கு ஆகும் வயது. கடைசிக் கட்டத்தில் வீட்டு நிலவரம்: காபி எடுப்பு, மிளகுப் பறிப்பு, தம்பிக்கு ஃபீஸ். வயது 25ஐத் தொடும் வரிக்குக் கீழே சிவப்பு மையில் அழுத்திக் கோடு. அந்த வயதுக்கு மேல் இந்தத் தேர்வு இல்லை.

“இதுல கோர்ட்டுக்கு எந்த மாசம் சார் எழுதட்டும்?” என்று கேட்டாள்.

இரு தரப்பும் சம்மதித்து மனுப் போட்டால் ஆறு மாதத்தில் முடிந்துவிடுமே என்றார் சக வழக்கறிஞர் ஒருவர். விஷயம் அத்தனை எளிதல்ல. மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலொழிய, 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. 2(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இந்து முறைகளை முழுமையாக ஏற்றுக்கொண்டவர்கள் என்று காட்டி அந்தச் சட்டத்துக்குள் நுழையச் சில தீர்ப்புகள் இடம் தருகின்றன. ஆனால் அப்படிப் போனால், ஊரார் முன்னால் நடந்த முறிவு செல்லாது என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அவள் சமூகத்தின் வழக்கப்படி ஏற்கெனவே விடுபட்டவள். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, அவளுக்கும் இல்லை.

ஆகவே, புதிதாக மணமுறிவு கேட்காமல், நடந்து முடிந்த முறிவை அறிவிக்கும்படி கேட்டோம். தனி நிவாரணச் சட்டத்தின் 34ஆம் பிரிவும், ஒருவரின் திருமண நிலை குறித்த வழக்குக்கு இடம் தரும் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவும் துணைக்கு இருந்தன. எதிரே மலைபோல் நின்றது 2001இல் சூரஜ்மணி ஸ்டெல்லா குஜூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வழக்கத்தின் மேல் நிற்பவர் அந்த வழக்கத்தை வழக்குரையில் சொல்லி, நிரூபிக்கவும் வேண்டும். அந்த வழக்கில் சந்தால் கணவர் மீது இருதார மணப் புகார் கொடுத்த ஒராவோன் பெண்ணால் அதை நிரூபிக்க முடியவில்லை, தோற்றார்.

எதிர்மனுதாரர் திருப்பூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நீதிபதிக்கு அது போதவில்லை, போதாதென்றதுதான் சரி. ஒருவரின் திருமண நிலையை இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு மாற்றிவிட முடியாது. எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் மலையாளிகளைப் பற்றிய பகுதியைத் தாக்கல் செய்தேன். வழக்கைத் தூக்கி நிறுத்தியவர் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர். செருப்பை வெளியே கழற்றி விட்டு, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டேறினார்.

“இதுக்கு முன்னாடி உங்க ஊர்ல இப்படி அத்துவிட்டது உண்டா?” என்று நீதிபதி கேட்டார்.

“எங்க அக்காளுக்கே எங்கப்பன் காலத்துல அத்துவிட்டாங்க சாமி. பரியத்தை எண்ணி வெச்சோம். அவ மறுக்காக் கட்டிப் பேரன் பேத்தி எடுத்துட்டா. அவ வீட்டு விசேசத்துல எல்லாரும் கை நனைக்கறோம்.”

பழமை, தொடர்ச்சி, சமூகத்தின் ஏற்பு என்று சட்டம் தேடும் மூன்றும் அந்தப் பதிலில் இருந்தன. அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 48ஆம் பிரிவை வைத்து நான் தயாரித்திருந்த வாதத்தில் பாதியைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

வழக்கு நடந்த காலத்தில் அவள் வீட்டில் வேறொரு நெருக்கடி. அத்தை ஒரு மாப்பிள்ளையோடு வந்து நின்றார். அப்பா தடுமாறினார். விண்ணப்பித்த பின் மணந்தால் தேர்வானாலும் பயிற்சியில் சேர்க்க மாட்டார்கள், பயிற்சிக்கு நடுவில் மணந்தால் வெளியேற்றிச் செலவையும் திருப்பிக் கேட்பார்கள் என்ற விதியை அவருக்கு விளக்கினேன். “சர்க்கார் சட்டம், நான் என்ன பண்ண?” என்று தங்கையிடம் சொல்லித் தப்பித்துக்கொண்டார். அந்த விதியில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒரு வீட்டில் மட்டும் அது மகளுக்குக் காவலாக நின்றது.

தீர்ப்பு சாதகமாக வந்தது. சான்றிட்ட நகலோடு விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்வில் தேறி, பெங்களூரில் ஐந்து நாள் தேர்வு வாரியத்தை எதிர்கொண்டாள். முதல் முறை பரிந்துரை கிடைக்கவில்லை. ஆவணத்தில் யாரும் குறை காணவில்லை. வயது இருந்ததால் அடுத்த அறிவிக்கைக்கும் விண்ணப்பித்தாள்.

நான் உடன்படாத அந்தத் திருமண விதிக்கு வருகிறேன். ராணுவச் செவிலியர் பணியிலிருந்து, திருமணம் செய்ததற்காக 1988இல் விடுவிக்கப்பட்ட லெப்டினன்ட் செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மணந்தாள் என்பதற்காகப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கும் விதி அரசியல் சாசனத்துக்குப் புறம்பானது என்றும் சொன்னது. வேலையை விட்டு நீக்குவதற்குச் சொன்ன நியாயம் விண்ணப்பத்தின் வாசலுக்கும் பொருந்தும் என்பது என் வாதம். குழந்தையில்லாதவளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் கொடியது. ஊர் சொல்லிக் கட்டிவைத்து, பத்தொன்பது வயதில் தாயாகி, பிறகு தனித்து நிற்கும் பெண்ணுக்கு எந்தத் தீர்ப்பு நகலும் உதவாது. அதே மலையிலிருந்து அப்படியொரு பட்டதாரிப் பெண் இப்போது வந்திருக்கிறாள். உயர் நீதிமன்றத்தில் அவளுக்காக ரிட் மனுத் தாக்கல் செய்யத் தாள்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன்.