மிளகு மணக்காத மேஜை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிப் போகும் சாலைக் கடைத்தெருவைத் தமிழ் வாசகர்கள் பலர் ஆ. மாதவனின் கதைகள் வழியாக அறிந்திருப்பார்கள். அந்தத் தெருவிலேயே கடை வைத்துக்கொண்டு அந்தத் தெருவையே எழுதியவர் அவர். அதை ஒட்டியதுதான் ஆரியசாலை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. தெற்கேயிருந்து வந்த தமிழ் வியாபாரிகள் இங்கே வேரூன்றினார்கள். நவராத்திரிக்கு ஊர்வலமாக வரும் வேளிமலை குமாரசுவாமி தங்குவதும் ஆரியசாலை தேவி கோயிலில்தான். இங்கே பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

என் பெரியப்பா இந்தப் பகுதியில் ஒரு மலஞ்சரக்குக் கடையில் நாற்பது ஆண்டு கணக்கெழுதினார். மிளகு, சுக்கு, ஏலம், பாக்கு. மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி மிளகை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து, அது எந்த மலைப்பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். முதலாளி விலை பேசுவதற்கு முன் இவர் முகத்தைத்தான் பார்ப்பாராம். இப்போது பெரியப்பாவுக்கு 79 வயது. கண் மங்கிவிட்டது. காது பாதி. மூக்கு மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

அவருடைய மகன் வயிற்றுப் பேத்திக்கு டெக்னோபார்க்கில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் தாத்தாவுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்தவள், வேஷ்டி சட்டை வேண்டாம், வெளியே சாப்பிடப் போகலாம் என்று முடிவு செய்தாள். ஆட்டோவில் பத்து நிமிட தூரத்தில் ஓர் இத்தாலிய ரெஸ்டாரண்ட். வாசலில் எப்போதும் கூட்டம் நிற்கும். பிறந்தநாள் கேக் வெட்டுவோர், கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு வரும் தம்பதியர் என்று அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் பிடித்த இடம். நானும் என் மனைவியும் துணைக்குப் போனோம்.

அந்த ரெஸ்டாரண்டை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. "தாத்தா, இதப் பாருங்க. பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்டுச் செய்யறது. ரோமாபுரிக்காரங்க சாப்பாடு. உங்க மிளகு!" என்றாள். பெரியப்பா சிரித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெனுவை வாங்கிப் பார்த்தார்.

அவள் சொன்னது வெறும் பேச்சில்லை. 'காச்சியோ எ பெபே' என்ற அந்தப் பதார்த்தம் ரோம் நகரத்துக்கே உரியது. ஆட்டுப்பாலில் செய்த பெக்கோரினோ பாலாடைக்கட்டி, மிளகு, பாஸ்தா. அவ்வளவுதான். பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவுச்சத்து கரைந்திருக்கும். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, துருவிய பாலாடைக்கட்டியைச் சேர்த்துக் கிளறினால் குழம்புபோலச் சேர்ந்து வரும். சூடு மிஞ்சினால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். மிளகை அப்போதே பொடித்து, வெறும் சட்டியில் லேசாக வறுத்துப் போட வேண்டும். சாமான் குறைவாக இருக்கும் சமையலில் ஒளித்துவைக்க இடமில்லை. நம் மிளகு ரசம் மாதிரி.

அந்த மிளகு நம் கரையிலிருந்து போன கதையும் பழையது. யவனர் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகு ஏற்றிப் போனதை அகநானூறு பாடுகிறது. இந்தியச் சரக்குக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியே போகிறதே என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி புலம்பினார். கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப்போகக் கேட்ட பொருள்களில் 3,000 பவுண்டு மிளகும் ஒன்று.

தட்டு வந்தது. வெள்ளைக் கிரீமில் மூழ்கிய பாஸ்தா. இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்து மறந்துபோனால் எப்படிக் குழையுமோ அப்படி. மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ தூவியிருந்தது. பெரியப்பா முதலில் குனிந்து முகர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு சர்வர் பையனைக் கூப்பிட்டு, "மோனே, குருமுளகு உண்டோ?" என்றார். பையன் அசாம்காரன், விழித்தான். பேத்தி இந்தியில் சொன்னதும் ஒரு மூடிபோட்ட டப்பியைக் கொண்டுவந்து வைத்தான்.

பெரியப்பா அதிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டினார். விரலால் தேய்த்தார். முகர்ந்தார். "கலப்படம் ஒண்ணும் இல்லம்மா," என்றார், ஏதோ கடையில் நற்சான்று கொடுப்பதுபோல. "ஆனா செத்துப்போச்சு. அரைச்சு எத்தனை மாசமோ."

அதுதான் விஷயம். மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது. அது எளிதில் போகாது. மணம் வேறு. அது எண்ணெய். பொடித்த நிமிடத்திலிருந்தே காற்றில் பறக்கத் தொடங்கிவிடும். காரம் மட்டும் மிஞ்சிய பொடி நாக்கைச் சுடும், வேறெதையும் சொல்லாது.

பேத்தியின் முகம் வாடிவிட்டது. கல்லாவிலிருந்த மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு வந்தார். மரியாதையான மனிதர். நான் மெதுவாகச் சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. "சார், ஒரிஜினல் மாதிரி செஞ்சா இங்க யாரும் தொட மாட்டாங்க. இங்கத்த ஜனங்களுக்கு கிரீம் வேணும். இதுதான் எங்ககிட்ட நல்லா விக்குது."

ஒரு பதார்த்தத்தை மாற்றுவது குற்றமில்லை. தக்காளியும் மிளகாயும் இல்லாத நம் சமையலறையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இத்தாலியர்களுக்கும் தக்காளி அப்படி வந்ததுதான். அந்த ரெஸ்டாரண்ட் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுப் பாஸ்தா செய்திருந்தால் பெரியப்பா இரண்டாம் தட்டு கேட்டிருப்பார். மாற்றம் வேறு, அசட்டை வேறு. மாற்றுகிறவன் சாப்பிடுகிறவனின் நாக்கை நினைத்து மாற்றுகிறான். அசட்டையாக இருப்பவனோ, சாப்பிடுகிறவனுக்கு நாக்கே இல்லை என்று வைத்துக்கொள்கிறான்.

'இங்கத்த ஜனங்கள்' என்றால் யார்? மிளகை மூட்டை மூட்டையாகத் தரம் பிரித்த ஊர்க்காரர்கள். மிளகு வாசம் அடிக்கும் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள். கடைத்தெருவுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, செத்த மிளகைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் என்று இவர்களை நினைக்க எப்படி மனம் வருகிறது?

கணக்கெழுதியவரின் வீட்டில் வளர்ந்தவன், கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு தட்டுக்கு 2 கிராம் மிளகு போதும். கிலோ 1,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 2 ரூபாய். நாங்கள் நான்கு பேர் கொடுத்த பில் 2,860 ரூபாய். மேஜைக்கு ஒரு மிளகு அரைக்கும் கட்டை வைத்திருந்தால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்திருக்கும்.

கூட்டம் நிற்கும் இடத்தில் குறை சொல்வது எளிதில்லை. அந்த ரெஸ்டாரண்ட் விற்பது சாப்பாட்டை மட்டுமல்ல என்பதும் புரிகிறது. விளக்கொளி, குளிர்ச்சி, வீட்டிலிருந்து இரண்டு மணிநேர விடுதலை. இவையும் காசு கொடுத்து வாங்கத்தக்கவைதான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண் அன்று வாங்க வந்தது வேறு. தாத்தாவின் நாற்பது ஆண்டு உழைப்பு உலகத்தின் இன்னொரு மூலையில் மதிக்கப்படுகிறது என்று அவருக்குக் காட்ட விரும்பினாள். வியட்நாம் மிளகு சந்தையைப் பிடித்தது, இறக்குமதியைத் தடுக்க 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது எல்லாம் அவருக்குத் தெரியும். தன் தொழில் சுருங்கியதைப் பார்த்தவர். அவர் முன்னால் ஒரு தட்டாவது அந்தத் தொழிலின் பெருமையைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த மாதம் அவள் சம்பளத்தில் ஒரு கிலோ நல்ல மிளகு வாங்கி வந்தாள். பெரியப்பாதான் கடைக்குக் கூடப் போய்ப் பொறுக்கிக் கொடுத்தார். பெக்கோரினோ கிடைக்கவில்லை, ஏதோ ஒரு பாலாடைக்கட்டி. முதல் தடவை திரிந்துபோயிற்று. இரண்டாம் தடவை சேர்ந்து வந்தது. வீடு முழுக்க மணத்தது.