ஏற்றமும் வற்றமும்

எண்ணூர். கிழக்கே வானம் வெளுக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. பாலத்துத் தூணில் ஈரம் காயாத கறை, நீர்மட்டத்துக்கு மேலே தெரிகிறது. கடலின் வற்றம் முடிந்துவிட்டது. ஏற்றம் இன்னும் தொடங்கவில்லை.

மார்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள். கையில் வலை இல்லை. வாயில் பறி. பனையோலையில் முடைந்தது, அதன் கயிறு பல்லுக்கிடையில். இரண்டு உள்ளங்கைகளும் சேற்றைத் தடவியபடி நகர்கின்றன. ஒரு கை நிற்கிறது. மறு கை வந்து சேர்கிறது. இறால் பறிக்குள் விழுகிறது. கண்கள் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை. எங்கோ தூரத்தில் நிற்கின்றன.

பேச வழியில்லை. தகவல் புருவத்தில் போய்வருகிறது. ஒருத்தி தலையை இடப்பக்கம் சாய்க்கிறாள். மற்ற இருவரும் அந்தப் பக்கம் நகர்கிறார்கள்.

தூணருகே தண்ணீர் சுழிக்கிறது. ஏற்றம்.

கடல்நீர் கனமானது. அடிவழியாக நுழைகிறது. ஆற்றுநீர் லேசானது. மேலே மிதந்து கடலுக்குப் போகப் பார்க்கிறது. இரண்டும் உரசும் இடத்தில் ஒரு நுரைக்கோடு. அதில் ஓர் இலை, ஒரு கொக்கிறகு, நசுங்கிய டீ கப். கோடு மெல்ல ஆற்றுக்குள் ஏறுகிறது. பகலும் இரவும் சேர்ந்த பொழுதில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். பெண்களின் வேலை நேரமும் அதோடு தள்ளிப்போகும். அவர்களுக்கு எட்டு மணி, ஒன்பது மணி என்பது கிடையாது.

ஆறு மேட்டிலிருந்து களிமண் துகள்களைச் சுமந்து வருகிறது. உப்பு பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் இறங்குகின்றன. இலை மக்குகிறது, மீன் செத்து அழுகுகிறது, எல்லாம் அதில் சேர்கின்றன. கறுப்புச் சேறு. கிண்டினால் அழுகிய முட்டை நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடக்கும் பைக்குகள் அதிகம்.

அந்தச் சேற்றில் ஒரு நண்டு. கட்டைவிரல் நகமளவு உடம்பு. ஒரு கொடுக்கு சின்னது, மற்றொன்று உடம்பைவிடப் பெரியது. சின்னக் கொடுக்கு சேற்றைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறது. வாய் சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருண்டையாக வெளியே வைக்கிறது. மறுபடி கிள்ளல். மறுபடி உருண்டை. பெரிய கொடுக்கு சாப்பாட்டுக்கு உதவாது. அது பெண் நண்டைக் கூப்பிட மேலே எழுந்து தாழ்கிறது. எதிர் வளையில் யாரும் வெளியே வரவில்லை. கொடுக்கு மறுபடி எழுகிறது.

உள்ளான் ஒன்று ஓடி வருகிறது. நண்டு இல்லை. வளை மட்டும்.

கரையோரம் அலையாத்திச் செடிகள். சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது. வேர் வெளியே வந்துதான் மூச்சுவிட வேண்டும். இலையின் மேல் வெள்ளைப் பொடி. உப்பு. வேரில் ஏறியதை இலை வெளியே தள்ளுகிறது. ஆடு ஒன்று அந்த இலையைத் தேடி வந்து தின்கிறது.

ஏற்றத்தோடு கண்ணில் படாத கூட்டமும் உள்ளே வருகிறது. தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு கண்ணாடி நிறம், ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். நீந்தி ஆறேறும் பலம் அதற்கு இல்லை. ஏற்றத்தைப் பிடித்து உள்ளே வரும். வற்றம் தொடங்கினால் அடியில் பதுங்கும். அடுத்த ஏற்றத்தில் மறுபடி கிளம்பும். சேற்றில் தீனி, வேருக்கடியில் மறைவு. சில மாதம் தின்று வளர்ந்து கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் சின்ன வயதில் இங்கேதான் வளர்கின்றன.

கடல் வாயில் மணல் வாரும் இயந்திரம் ஒன்று. அலை கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆற்றில் வேகம் இருந்தால் மணல் விலகும். ஆற்று நீரைச் சென்னையின் குடிநீருக்காக மேலே பூண்டி ஏரி நிறுத்திவைக்கிறது, 1944 முதல். வடகிழக்குப் பருவமழையில் மட்டும் வெள்ளம் வாயைத் திறக்கும். கோடையில் திட்டு வளரும். வாய் அடைபட்டால் ஏற்றம் உள்ளே வராது. குஞ்சும் வராது. இயந்திரம் ஓர் அள்ளு அள்ளுகிறது. அலை ஓர் அள்ளு போடுகிறது.

படகு ஒன்று உள்ளே போகிறது. பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். ஆற்றைத் தாண்டிச் சாம்பல் குழாய்கள். குழாய் கசிந்த இடங்களில் சேறு கறுப்பு இல்லை, வெளிர் சாம்பல் நிறம். காய்ந்து வெடித்திருக்கிறது. அங்கே நண்டு வளை ஒன்றுகூட இல்லை. நடு ஆற்றில் படகுக்காரர் கழியை ஊன்றுகிறார். கழி பாதிகூட முழுகவில்லை.

"இங்க ஆள் நின்னா முழுகும்பா, முன்ன."

கழியைத் தூக்கிக் காட்டுகிறார். நுனியில் சாம்பல்.

கொஞ்சம் தள்ளி, அடித்தரை முழுக்கக் கறுப்புச் சிப்பி. காக்கா ஆழி என்கிறார்கள். தென் அமெரிக்காவின் சிப்பி. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும். கொத்துக் கொத்தாக ஒன்றின் மேல் ஒன்று. தடவப் போகும் கையைக் கிழிக்கிறது. இறால் பதுங்கச் சேறு மிச்சமில்லை. பெண்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கியது. வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் தார். கூழைக்கடாக்கள் இறகு ஒட்டி உட்கார்ந்திருந்தன. மீனவர்கள் வாளியில் எண்ணெயை அள்ளினார்கள்.

வெயில் ஏறுகிறது. பெண்கள் கரையேறுகிறார்கள். கயிறு அழுத்திய கோடு கன்னத்தில் இருக்கிறது. வியாபாரி மொபெட்டில் தராசோடு காத்திருக்கிறார்.

"இன்னாக்கா, தேறுச்சா?"

"அரைக் கிலோ இருக்கும். போடு பாப்போம்."

தராசு அரைக் கிலோவுக்குக் கீழே நிற்கிறது. அவள் பறியைக் கவிழ்த்துத் தட்டுகிறாள். இன்னொரு இறால் விழுகிறது. விரலை நீட்டி அளக்கிறாள், பாதி விரல்தான். தூக்கித் தண்ணீரில் போடுகிறாள்.

தெற்கே காசிமேட்டில் ஏலம் நடக்கும் நேரம். விசைப்படகுகள் கடலிலிருந்து கொண்டுவந்த வெள்ளை இறால் கூடை கூடையாகக் கைமாறுகிறது. அந்த இறால் கடலில் பிறந்தது, கடலில் பிடிபட்டது. வளர்ந்தது இப்படி ஒரு முகத்துவாரத்துச் சேற்றில்.