புல்லும் புள்ளும்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் ஃபெசன்ட் பறவைக்குப் பெயர்பெற்றது. கோழியினத்தைச் சேர்ந்த இப்புள் ஆசியாவிலிருந்து சென்றது. எனினும் அதுவே அம்மாநிலப் பறவை! விளைநிலம் அதற்கு இரை தரும், இல்லம் தராது. உழாத நிலத்தின் உயர்ந்த புல்லிடையே, தரையிலேயே அது முட்டையிடும். குஞ்சுகள் அங்குள்ள பூச்சிகளைத் தின்று வளரும்.

1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்தை உழாது புல் வளர்த்த உழவர்க்கு நடுவணரசு பணம் அளித்தது. 2007இல் நாடெங்கும் 3 கோடியே 60 இலட்சம் ஏக்கருக்கும் மேல் அவ்வாறு இருந்தது. பின்னர் மக்காச்சோளத்தின் விலை ஏறிற்று. ஒப்பந்தம் முடிந்த நிலங்களில் ஏர் புகுந்தது. உழவரைக் குறைகூறவும் இயலாது. 2017இல் எஞ்சியது 2 கோடியே 40 இலட்சத்திற்கும் குறைவே.

நிலமில்லாதவரும் வேட்டையாடுமாறு, தனியார் நிலங்கள் சிலவற்றை மாநில அரசு பணம் கொடுத்துத் திறந்துவைக்கிறது. புல் அழிந்த இடத்தில் வாயில் திறந்திருந்தும் பயனென்ன? நாயுடன் நாள்முழுதும் நடப்பவன் அங்கே அறுத்த சோளத்தாள்களையே காண்பான்.