அந்நியனுடன் ஒரு நடனம்

இலண்டன் ஒல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1955ஆம் ஆண்டு யூன் மாதம் நடந்த விசாரணையொன்றில், வழக்குத்தொடுநர் தரப்பு வழக்கறிஞர் கிறிஸ்மஸ் ஹம்ஃப்றீஸ் சாட்சிக் கூண்டில் நின்ற பெண்ணிடம் ஒரேயொரு வினாவையே தொடுத்தார். டேவிட் பிளேக்லியை அணித்தே நின்று சுட்டபோது அவள் எதைச் செய்யக் கருதியிருந்தாள் என்பதே அவ்வினா. அவனைக் கொல்லவே கருதினேன் என்பது வெளிப்படை என்று அவள் விடையிறுத்தாள். விசாரணையின் இரண்டாம் நாளிலேயே யூரிமார் சுமார் 14 நிமிட நேரத்துள் முடிவுடன் திரும்பினர். யூலை 13ஆம் திகதி காலை ஹொலோவே சிறைச்சாலையில் றூத் எலிஸ் தூக்கிலிடப்பட்டாள். வயது 28. பிரித்தானியாவில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவளே.

வினாத் தொடுத்த ஹம்ஃப்றீஸ், 1924இல் இலண்டனிற் பௌத்த சங்கமொன்றைத் தோற்றுவித்தவர். பௌத்தம் பற்றிய அவருடைய நூல்களை இலங்கையிலும் பலர் கற்றிருக்கின்றனர். அவாவே துன்பத்தின் வேர் என்று எழுதிய ஒருவருக்கு, அவாவின் முழு உருவமாய் எதிரே நின்ற பெண்ணிடம் கேட்க ஒரு வினாவே போதுமானதாயிற்று. இதற்காக அவரைக் குறைகூறுவது பொருந்தாது. சட்டம் அவரிடம் வேண்டியது கருத்தை மட்டுமே. அக்கருத்து பிறந்த வழியை அன்று.

அவ்வழியைத்தான் முப்பது ஆண்டுகளின் பின், 1985இல் வெளிவந்த ‘டான்ஸ் வித் எ ஸ்ரேஞ்சர்’ என்ற திரைப்படம் தேடிச் செல்கிறது. நெறியாள்கை மைக் நியூவெல். திரைக்கதை ‘எ ரேஸ்ற் ஒஃப் ஹணி’ நாடகத்தை எழுதிய ஷீலா டிலேனி. தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்து, வர்க்கத்தின் நுண்ணிய அவமதிப்புகளை நன்கறிந்த எழுத்தாளரின் கை படம் முழுவதும் தெரிகிறது. நீதிமன்றம் ஒரு காட்சியாகத்தானும் இப்படத்தில் இல்லை. இவ்வழக்கைப் படமாக்க முனையும் எவருக்கும் முதலிற் கண்ணிற்படுவது அந்த ஒற்றை வினாவின் நாடகத்தன்மையே. அதைக் கைவிடத் துணிந்ததிலேயே இப்படத்தின் நேர்மை தொடங்குகிறது.

உணவுப் பங்கீடு அப்போதுதான் நீங்கியிருந்த 1954ஆம் ஆண்டின் இலண்டன். மதுவருந்தும் கழகமொன்றின் மேலாளராக றூத் இருக்கிறாள். மேல்மாடியில் மகனுடன் வசிக்கிறாள். வெளிர்பொன் நிறமேற்றிய கூந்தல், தீட்டிய உதடுகள், முயன்று திருத்திய உச்சரிப்பு. பிளேக்லி அங்கு வருகிறான்: வசதியான குடும்பத்தவன், காரோட்டப் பந்தயக்காரன், குடியன். றூத்தாக நடித்த மிரண்டா றிச்சர்ட்சனுக்கு இதுவே முதல் திரைப்படம். சிரிக்கும்போதும் எதிரிலிருப்பவரை எடைபோடும் கண்களை அவர் இப்பாத்திரத்துக்கு அளித்திருக்கிறார். றூபேட் எவறெற்றின் பிளேக்லியோ கெட்டுப்போன பிள்ளை. அவனுக்கு வேண்டும்போது அவள் வேண்டும், வேண்டாதபோது அவள் தன் வட்டத்தினருக்குக் காட்டத்தகாதவள். இவனிடம் இவள் எதைக் கண்டாள் என்ற கேள்வி பார்வையாளர் மனத்தில் எழவே செய்யும். அதனைப் படத்தின் குறையெனச் சொல்லிவிடலாம். எனினும் அருகிலிருந்தோர் எவருக்கும் விளங்காமற் போனதே அவ்வுறவின் இயல்பு என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பழந்தமிழ் இலக்கணகாரர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாததும் தெளிவிழந்து மிகுந்ததுமான காமத்தைப் பெருந்திணை என்றும் வகுத்தனர். அன்பின் ஐந்திணைக்கு நிலம் உண்டு. இவ்விரண்டுக்கும் நிலம் வகுக்கப்படவில்லை. ஏன் இல்லை என்பதற்கு உரைகளிற் கிடைக்கும் விளக்கத்திலும் தெளிவான விளக்கத்தை றூத்தின் வாழ்விற் காணலாம். பிளேக்லியின் பொருட்டு அவள் கழக வேலையை இழந்தாள். வேலையோடு மாடிவீடும் போயிற்று. அதன்பின் வேறொருவர் வீட்டில் அடைக்கலம். பின்னர் கணவன் மனைவி எனப் பெயர்கொடுத்து வாடகைக்குப் பெற்ற ஓர் அறை. படத்தின் பிற்பகுதியில் அவள் நிற்குமிடமெல்லாம் பிறருக்குரிய இடமே: காரின் பின்னிருக்கை, தெருவோரம், மூடிய கதவின் வெளிப்புறம். ஒரு பெண் தன் நிலத்தை அங்குலம் அங்குலமாக இழப்பதைச் சொற்களின்றிக் காட்டும் இப்பகுதியே படத்தின் உயிர்நாடி.

அடைக்கலம் தந்தவர் டெஸ்மண்ட் கசன். முன்னாள் விமானப்படையினர், புகையிலை வணிகக் குடும்பத்தவர், அவளை ஆழமாக நேசித்தவர். வேலையிழந்தவளுக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்டார். அவளுடைய மகனைக் கவனித்தார். பிளேக்லி எங்கே, யாருடன் இருக்கிறான் என்று இரவெல்லாம் வேவுபார்க்க அவளைத் தமது காரிலேயே ஏற்றிச் சென்றார். இயன் ஹோம் இவரை நடித்திருக்கும் விதம் அச்சந் தருவது. உரத்துப் பேசுவதில்லை, எதையும் கேட்பதில்லை, காத்திருக்கிறார். றூத்தின் வெறி கதவைத் தட்டிக் கூச்சலிடுகிறது. இவருடைய வெறியோ பணிவிடையின் முகத்தை அணிந்திருப்பதால் எவரும் அதனை வெறியென அடையாளங்காண்பதில்லை. பிளேக்லியின் அடியில் நீலம்பாரித்த உடலுக்கு மருந்திடுவதும், அவனிடமே மீண்டும் அவளைக் கொண்டுசென்று விடுவதும் அவருக்கு ஒரே காதலின் இரு செயல்கள்.

1955ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், பிளேக்லி வயிற்றிற் குத்திய அடியையடுத்து அவளுக்குக் கரு கலைந்தது. ஈஸ்ரர் விடுமுறையில் அவன் ஹம்ஸ்ரெட்டில் நண்பர் வீடொன்றில் ஒளிந்துகொண்டான். தொலைபேசியிற் பதிலில்லை, கதவு திறக்கப்படவில்லை, அவனுடைய காரின் கண்ணாடிகளை அவள் இடித்துத் தள்ளியபோது பொலிசார் அழைக்கப்பட்டனர். ஏப்பிரல் 10ஆம் திகதி ஞாயிறு இரவு, மக்டலா மதுச்சாலையின் வெளியே அவள் கைத்துப்பாக்கியின் ஆறு தோட்டாக்களையும் தீர்த்தாள். ஒன்று வழியே சென்ற ஒரு பெண்ணின் கையிற் காயம் விளைத்தது. பின்னர் ஓடாமல் நின்று, பொலிசை அழைக்கும்படி அவளே கேட்டாள்.

இவ்விடத்தில் வேறொரு படம் நினைவுகூரத்தக்கது. 1956இல் வெளிவந்த ‘யீல்ட் ரு த நைற்’, தூக்குத்தண்டனையை எதிர்நோக்கிச் சிறையறையில் நாளெண்ணும் பெண்ணொருத்தியின் கதை. றூத்தின் கதையே அது என்று பலர் கருதினர். உண்மையில் அதன் மூலநாவல் 1954ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. அதில் நடித்த டயானா டோர்ஸின் 1951ஆம் ஆண்டுப் படமொன்றில் றூத் எலிஸ் பெயரற்ற சிறு பாத்திரத்தில் தோன்றியிருந்தாள் என்பது விதியின் விளையாட்டுப் போலும். அப்படம் தண்டனையைக் கண்டு நெஞ்சு பதறச் செய்கிறது. நியூவெலின் படம் அந்த இரக்கத்தைக் கேட்பதில்லை. றூத் பொய் சொல்வதையும், குழந்தையை மறந்து தெருவில் நிற்பதையும் மறைப்பதுமில்லை. விளங்கிக்கொள்வது வேறு, விடுவிப்பது வேறு என்ற வேறுபாட்டைக் கடைசிவரை காத்துநிற்பதால், தூக்குமேடையைக் காட்டாமலே அது தூக்குத்தண்டனையைக் கடினமான கேள்விக்கு உள்ளாக்குகிறது.

சட்டம் பின்னர் சற்று அசைந்தது. பொறுப்புணர்வு குறைந்த மனநிலை என்ற எதிர்வாதத்துக்கு 1957ஆம் ஆண்டின் கொலைச் சட்டம் இடமளித்தது. கொலைக்கான மரணதண்டனை 1965இல் இடைநிறுத்தப்பட்டு 1969இல் நிரந்தரமாக ஒழிந்தது. ஆயினும் 2003இல் அவள் குடும்பத்தினரின் மேன்முறையீட்டை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவள் வாழ்ந்த காலத்துச் சட்டப்படி அது கொலையே.

துப்பாக்கியைத் தந்தவரும் ஹம்ஸ்ரெட்டுக்குக் காரில் அழைத்துச் சென்றவரும் கசனே என்று தூக்கிலிடப்படுவதற்கு முந்தைய நாள் றூத் சட்டத்தரணியிடம் கூறினாள். அதுவரை அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. கசன் இதனை மறுத்தார். அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. 1985இல் படம் வெளிவந்தபோது அவர் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

றூத் சிறையிலிருந்து பிளேக்லியின் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினாள். மன்னிப்புக் கோரியபின், அவருடைய மகனை நேசித்தவாறே தான் சாகப்போவதாக அதில் அவள் குறிப்பிட்டிருந்தாள்.