இரண்டு பாய்லர்கள்

கீழப்பழுவூர்ச் சாலையோரத்தில் என் தந்தையார் தேநீர்க் கடை வைத்திருக்கிறார். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்ற சாலை அது. விடியற்காலை நான்கு மணிக்குப் பாய்லரில் கரி போடுவார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான்.

"பி.எஸ்ஸி. முடிச்சு என்னடா பண்ணப் போறே?" என்று சென்ற பொங்கலன்று அப்பா கேட்டார். "எம்.பி.ஏ. படிக்கலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் முகம் கறுத்தது. காரணம் உண்டு. என் மாமன் மகன் ஒரு தனியார் நிறுவனத்தில் அதே படிப்பைப் படித்தார். நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டினார்கள். இன்று அவருக்குக் கிடைத்திருக்கும் வேலை, கடன் வாங்கியவர் வீடுகளுக்குச் சென்று தவணை வசூலிப்பது. சம்பளத்தில் பாதி அவருடைய சொந்தக் கடனுக்கே போகிறது. எங்கள் வீட்டில் எம்.பி.ஏ. என்றால் அடமானம் என்று பொருள்!

மனம் கேளாமல் எங்கள் துறைப் பேராசிரியரிடம் சென்றேன். "கணிதம் படித்தவன் சேரலாமா, ஐயா?" "எந்தப் பட்டம் பெற்றவனும் சேரலாம். இதைக்கூட யாரும் உனக்குச் சொல்லவில்லையா?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் பல செய்திகள் எனக்குத் தெரிய வந்தன. நம் கல்லூரி இணைந்துள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இல் தோன்றியது. இரண்டே ஆண்டுகளில், 1984-இல், பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. அது தொடங்கிய இடம் திருச்சி 'பெல்' ஆலை வளாகம். நம் பக்கத்து மக்கள் அதனைப் 'பாய்லர் பாக்டரி' என்பார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது, "பாய்லர் நம்ம கடையிலயும்தான் இருக்கு" என்று அப்பா சிரித்தார். அன்றைக்குத்தான் பேச்சு சற்று இளகியது.

2011-இல் இந்திய மேலாண்மைக் கழகமும் திருச்சிக்கு வந்துவிட்டது. அதற்குக் 'கேட்' என்னும் அகில இந்தியத் தேர்வு எழுத வேண்டும். தமிழகத்துக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' இருக்கிறது. இரண்டு மணி நேரம், நூறு வினாக்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். வேலையில் இருப்பவர்களுக்கு அஞ்சல்வழிப் படிப்பும் உண்டு.

என்னை ஈர்த்தது பாடத்திட்டமன்று, பாடம் நடத்தும் முறை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. அது வளர்த்த முறையில், ஓர் உண்மையான நிறுவனத்தின் சிக்கலை எழுதி மாணவர் கையில் கொடுத்துவிடுவார்கள். 'நீ முதலாளியாக இருந்தால் என்ன செய்வாய்?' என்பதே கேள்வி. 1961-இல் ஹார்வர்டின் உதவியோடு எழுந்த ஆமதாபாத் கழகம் இம்முறையை நம் நாட்டில் ஊன்றியது. எங்கள் கணித நூலில் விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும். இங்கே கடைசிப் பக்கமே கிடையாது!

நானும் ஒன்றைச் செய்து பார்த்தேன். அப்பாவின் கடன் நோட்டை எடுத்தேன். அதில் பெயர்கள் இல்லை. லாரி எண்களின் கடைசி நான்கு இலக்கங்கள்தாம். மொத்த பாக்கி 6,340 ரூபாய். "கடன் கொடுப்பதை நிறுத்துங்கள்" என்று பெரிய மேதையைப் போல் தீர்ப்புச் சொன்னேன்.

அப்பா கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நிறுத்தினா அந்த வண்டி அடுத்த கடையில நிக்கும். கடன் சொல்றவன் கிளீனரோட வருவான், பின்னால வர்ற வண்டிக்காரனையும் கூப்பிடுவான். ஏமாத்தினவன் ரெண்டு பேரு. திரும்பி வர்றவன் இருபது பேரு."

இரவு முழுவதும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு ஆண்டுகளில் திரும்பி வராத பணம் 900 ரூபாய்க்கும் குறைவு. அந்த இருபது வண்டிகள் ஒரே மாதத்தில் தரும் இலாபம் அதைவிட மிகுதி. என் தீர்ப்பு தவறு. மறுநாள் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்து, "இதைத்தானப்பா அங்கே வகுப்பில் உட்கார்ந்து வாதிடுவார்கள். உன் அப்பாவுக்குச் சொல்" என்றார். சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று எனக்கு ஒரு வடை கூடுதலாகக் கிடைத்தது.

பிறகு ஒருநாள் அவரே பேச்சை எடுத்தார். "பரீட்சைய எழுது. அரசாங்க எடம் கெடைச்சா பேங்குல கேட்டுப் பாப்போம். நெலத்த மட்டும் கேக்காத."

எனக்கு இப்போது பெரிய தடை ஆங்கிலம்தான். கடையில் வடை மடிக்கக் கட்டுக்கட்டாக வரும் பழைய ஆங்கில நாளேடுகளை முதலில் நான் படித்த பிறகே கல்லாப் பக்கம் அனுப்புகிறேன். வணிகப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொள்கிறேன். சில காலைகளில் வடை ஆறிப் போகிறது, "இன்னும் எத்தினி பக்கம்டா?" என்று அப்பா குரல் கொடுக்கிறார்.